ஜட்டிக்குள் பரு: மலையில் இருக்கும் ஆண்களுக்கு, அறிகுறி பார்த்து ஒரு வழிமுறை

கடையில் ஆள் இருந்தால் உள்ளே வரமாட்டார்கள். எதிரே டீக்கடை ஓரமாக நின்று, கையில் இருக்கும் வர்க்கியைக் கடித்துக்கொண்டே இந்தப் பக்கம் ஒரு கண் வைத்திருப்பார்கள். கடைசி ஆள் இறங்கியதும் வந்து, "அண்ணே, அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்பார்கள். எங்கே அரிப்பு என்று கேட்டால் பதில் வராது. பார்வை தரைக்குப் போகும். கோத்தகிரிப் பக்கம் மருந்துக்கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் காட்சி மாறவே இல்லை.

அந்த இடத்தில் வருவதில் பெரும்பாலானவை சாதாரணமானவை. அவற்றைப் பெரிதாக்குவது இரண்டு: காயாத ஜட்டி, கேட்காமல் வாங்கிப் பூசும் ட்யூப். அதனால் மருந்துப் பெயரைத் தேடுவதற்கு முன்னால் வந்திருப்பது எது என்று பாருங்கள்.

முதலில் பார்ப்பது எப்படி

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு சின்னக் கைக்கண்ணாடி போதும். மலையில் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டால் போன் டார்ச். முடியுள்ள மேட்டுப்பகுதி, தொடையிடுக்கு, விதைப்பை, உறுப்பின் தண்டு, முன்தோலைப் பின்னால் தள்ளி மொட்டு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்கே வந்திருக்கிறது என்பதே பாதி விடை. பிதுக்காதீர்கள், ஊசி வைக்காதீர்கள். சிலர் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள், நாளுக்கு நாள் ஒப்பிட அது நல்லதுதான். ஆனால் வீட்டில் எல்லாருக்கும் ஒரே கூகுள் கணக்கு என்றால் யோசித்து எடுங்கள். ஒருவருடைய படம் அவர் மாமியார் போனில் போய் நின்ற கதை எனக்குத் தெரியும்.

எதையும் படிக்காமல் உடனே கிளம்ப வேண்டியது

விதைப்பையோ அதற்குக் கீழே ஆசனவாய் வரையுள்ள பகுதியோ வேகமாக வீங்குகிறது. கண்ணுக்குத் தெரிவதைவிட வலி பல மடங்கு அதிகம். காய்ச்சல், நாற்றம், தோல் கறுக்கிறது. இது பரு அல்ல. ஃபோர்னியர் கேங்ரீன் என்கிற, தோலுக்கு அடியில் தசையுறை வழியாகப் பரவும் அழுகல் நோயாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஆபத்து அதிகம். மணிக்கணக்கில் பரவும், அறுவை சிகிச்சை வேண்டும். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகலாம் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு மூடினால் ராத்திரிக்குள் இறங்க முடியாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

விதைப்பைக்குள், விதையோடு ஒட்டிக் கல் மாதிரி ஏதாவது தட்டுப்பட்டாலும் அது தோல் சமாசாரம் இல்லை. அதற்கு ராத்திரியோடு ராத்திரியாக ஓடவேண்டாம், ஆனால் அந்த வாரமே டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: முடியடியில் சிவந்து, நுனியில் சீழ் வைத்த சின்னப் பருக்கள்

ஒவ்வொரு பருவின் நடுவிலும் ஒரு முடி எட்டிப் பார்க்கிறதா? அப்படியானால் மயிர்க்கால் அழற்சி. தோலில் சும்மா குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி, ஈரமும் உரசலும் கிடைத்ததும் மயிர்க்காலுக்குள் இறங்கிவிடுகிறது. முகப்பருவோடு இதைக் குழப்பிக்கொண்டு முகத்துக்குப் போடும் களிம்பையெல்லாம் போடுகிறார்கள்.

கீழே மேட்டுப்பாளையத்தில் இது வியர்வையால் வருகிறது. மேலே வருவது வேறு வழியாக. ஜூன் பிறந்தால் கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஒரு துணி ஒழுங்காகக் காய மூன்று நாள் ஆகும். குந்தா, மஞ்சூரிலும் அதே கதை. கொடியில் தொங்கும் ஜட்டியைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும்; அது குளிரா ஈரமா என்று விரலுக்குத் தெரியாது. போட்டுக்கொண்டு போய்விடுகிறோம். அதற்கு மேல் நைலான் தெர்மல் (குளிருக்குப் போடும் உள்ளாடை), அதற்கு மேல் ஜீன்ஸ், அதற்கு மேல் ரெயின்கோட் பேன்ட். கேரட் தோட்டத்திலோ தேயிலைச் செடி வெட்டும் கவாத்து வேலையிலோ ஒரு மணி நேரம் உழைத்தால் வெளியே பல் கிட்டிக்கும் குளிர், உள்ளே ஆவி. பதிமூன்று பதினான்கு டிகிரியில் வியர்க்குமா என்று கேட்கிறவர்கள் வீடு திரும்பியதும் அந்தத் தெர்மலின் உட்பக்கத்தைத் தடவிப் பார்க்கட்டும்.

செய்ய வேண்டியது: வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, பத்து நிமிஷம், நாளுக்கு மூன்று தடவை ஒத்தடம். சூட்டை மணிக்கட்டின் உட்பக்கத்தில் சோதியுங்கள். விறகு பாய்லர் தண்ணீரை அப்படியே எடுத்தால் வெந்துபோகும். மணமில்லாத மென்மையான சோப்பு ஒரு வேளை போதும். மேட்டு முடிப்பகுதிக்கு மட்டும் 2.5% பென்சாயில் பெராக்சைடு போட்டு, இரண்டு நிமிஷத்தில் கழுவலாம். விதைப்பை, உறுப்பு பக்கம் கொண்டுபோகாதீர்கள், எரிந்துவிடும். துண்டில் பட்டால் சாயம் வெளுத்துவிடும், அதனால் பழைய துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஷேவிங் நிறுத்துங்கள். ஒரு வாரம், பத்து நாளில் அடங்கவில்லை என்றாலோ பருக்கள் கூடிக்கொண்டே போனாலோ டாக்டர் முபிரோசின் களிம்போ மாத்திரையோ எழுதுவார். ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களாக வாங்கி இரண்டு நாள் போட்டு நிறுத்தாதீர்கள். நான் தரமாட்டேன் என்றால் எதிர்க்கடைக்குப் போகிறார்கள், அது வேறு வருத்தம்.

அறிகுறி: ஷேவ் செய்த இரண்டாம் மூன்றாம் நாள் குத்துவது போல முண்டு முண்டாக

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள், மார்கழிக் காலை, வெளியே புல்லெல்லாம் உறைபனி. கீசர் வேலை செய்யவில்லை. பச்சைத் தண்ணீரில், முகத்துக்கு ஒரு வாரம் ஓட்டிய பிளேடோடு, முடி வளரும் திசைக்கு எதிராக இரண்டு தரம் வழித்தேன். மூன்றாம் நாள் மறுவீட்டு விருந்தில் காலை அகட்டி வைத்து நடந்ததைப் பார்த்து மச்சினன் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

சுருள் முடியைத் தோலோடு ஒட்ட வழித்தால் அதன் நுனி கூர்மையாகிவிடும். வளரும்போது வெளியே வராமல் வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்துச் சண்டை போடுகிறது. கிருமி இருக்கவேண்டும் என்றே இல்லை. அதனால் ஆன்டிபயாடிக் களிம்பால் பெரிய பலன் இருக்காது. நான்கு வாரமாவது வழிப்பதை நிறுத்திவிட்டு ஒத்தடம் கொடுத்தால் முடி தானே வெளியே வந்துவிடும். கண்ணுக்கு வளையம் போலத் தெரியும் முடியைச் சுத்தமான இடுக்கியால் மெல்ல நிமிர்த்திவிடலாம். பிடுங்கினால் மறுபடி உள்ளே வளரும்.

அப்புறம்? வழிப்பதே தேவையில்லை. முடி அசுத்தம் அல்ல, தோலுக்கும் துணிக்கும் நடுவே உரசலைத் தாங்குவது அதுதான். குறைக்கவேண்டும் என்றால் ட்ரிம்மரில் காப்புச் சீப்பைப் போட்டு சில மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். வழித்துத்தான் தீருவேன் என்பவர்கள் வெந்நீர்க் குளியல் முடிந்து முடி மெத்தென்று ஆனபிறகு, புது பிளேடால், வளரும் திசையிலேயே, தோலை இழுத்துப் பிடிக்காமல் ஒரே தரம் வழியுங்கள். முடி நீக்கும் க்ரீம் டப்பாவில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறப்புறுப்பில் போடாதே என்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

அறிகுறி: ஒரே ஒரு பெரிய கட்டி, தொட்டால் உயிர் போகிறது

மயிர்க்கால் அழற்சி ஆழமாகப் போனால் கட்டி. ஒத்தடம் நாளுக்கு நான்கு வேளை. தானே உடைந்தால் சுத்தமான காஸ் துணி வைத்துக் கட்டி, கையைக் கழுவுங்கள். பசையும் மஞ்சளும் வைத்து இழுக்கப் பார்க்காதீர்கள், பிதுக்கினால் சீழ் உள்ளே இறங்கும். காய்ச்சல் வந்தாலும், எலுமிச்சை அளவைத் தாண்டினாலும், இரண்டு மூன்று நாளில் பழுக்காவிட்டாலும் டாக்டர்தான் கீறி எடுக்கவேண்டும்.

அறிகுறி: தொடையிடுக்கில் வளையமாகப் பரவுகிறது, ஓரத்தில் பருப்பருவாக, நடுவில் தெளிந்து

படர்தாமரை. ஓரத்தில் இருக்கும் சின்னப் பருக்களைப் பார்த்துத்தான் "பரு வந்திருக்கு" என்று வருகிறார்கள். இது பூஞ்சை. ஒரு அடையாளம் சொல்கிறேன்: படர்தாமரை பெரும்பாலும் விதைப்பையை விட்டுவிட்டுத் தொடைப்பக்கம்தான் பரவும். விதைப்பையும் சேர்ந்து சிவந்து, வளையத்துக்கு வெளியே சிதறினாற்போல் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் கேண்டிடா என்கிற இன்னொரு பூஞ்சையாக இருக்கலாம்; சர்க்கரை பார்க்கவேண்டும்.

நான் செய்த பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். கடை வைத்த புதிதில் எல்லாரையும்போல நானும் அந்த "எல்லாம் கலந்த" ட்யூபைத்தான் கொடுத்தேன். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசாலோ பெட்டாமெத்தசோனோ என்று ஒரு ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும். வாங்கினவர் கையெடுத்துக் கும்பிடுவார். மூன்றாம் வாரம் வளையம் இரண்டு மடங்காகி வருவார், இன்னொரு ட்யூப் கேட்பார். ஸ்டீராய்டு அரிப்பைத்தான் அடக்குகிறது. தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிவிடுவதால் பூஞ்சைக்கு விருந்து. மாதக்கணக்கில் போட்டவர்களுக்குத் தொடையில் பிரசவக் கோடு போல வெடிப்பு விழுந்திருக்கிறது, அது ஆயுசுக்கும் போகாது. விதைப்பைத் தோல் எவ்வளவு மெல்லியது என்றால், ஹைட்ரோகார்டிசோனை அது முன்கைத் தோலைவிட 42 மடங்கு உறிஞ்சுகிறது என்று 1967-இலேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். 2018-இல் இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. பழைய காலி ட்யூபைக் கொண்டுவந்து "இதே மாதிரி" என்று நீட்டுவது மட்டும் நிற்கவில்லை.

குளோட்ரிமசோல் மட்டும் இருக்கும் களிம்பை, வளையத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரைக்கும், காலை இரவு பூசுங்கள். தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். பாதிப்பேர் தோற்பது இங்கேதான், அரிப்பு நின்ற அன்றே ட்யூபை மூடிவிடுகிறார்கள். மூன்று நான்கு வாரத்தில் அசையவில்லை என்றால் தோல் டாக்டர்; இப்போது களிம்புக்கு மசியாத பூஞ்சை நிறைய, மாத்திரை வேண்டியிருக்கும்.

இன்னொன்று, யாரும் நினைத்துப் பார்க்காதது: பாதம். நாள் முழுக்க ரப்பர் பூட்ஸுக்குள் இருக்கும் காலில், சுண்டுவிரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி உரிகிறதா? அது அதே பூஞ்சைதான். குளித்துவிட்டு ஜட்டி போடும்போது கால்விரல் வழியாக அதை மேலே ஏற்றிவிடுகிறோம். இரண்டுக்கும் சேர்த்து மருந்து போடுங்கள். குணமாகும்வரை முதலில் சாக்ஸ், அப்புறம் ஜட்டி. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் வேலை செய்யும். பாதத்துக்கு ஒரு துண்டு, அரைக்கு ஒரு துண்டு.

அறிகுறி: ராத்திரி போர்வைக்குள் போனதும் அரிப்பு உச்சம், தண்டிலும் விதைப்பையிலும் தடித்த முண்டுகள்

வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா? விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிப் பாருங்கள். இருந்தால் சொறி, அதாவது ஸ்கேபிஸ். தோலுக்குள் வளை தோண்டும் ஒரு சிறு பூச்சி. எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே கம்பளிக்குள் மூன்று பேர் படுக்கிற வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்மெத்ரின் 5% களிம்பு. கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை ஓரிடம் விடாமல், நகத்துக்கு அடியிலும், ராத்திரி பூசி எட்டிலிருந்து பதினான்கு மணி நேரம் கழித்துக் குளிக்கவேண்டும். அரிக்கிற இடத்தில் மட்டும் பொட்டு வைத்தால் பிரயோஜனமில்லை. வீட்டில் அத்தனை பேரும், அரிக்காதவர்களும், அதே ராத்திரி. ஒரு வாரம் கழித்து மறுபடி. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டுவிட்டு. துணி, போர்வையைக் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்துத் துவையுங்கள். கம்பளியைக் கொதிக்கவைக்க முடியாது. பெரிய பையில் கட்டி மூடி வையுங்கள். உடம்பை விட்டால் இந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளில் சாகும் என்பார்கள், ஆனால் குளிரும் ஈரமும் இருந்தால் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். நம் ஊருக்கு ஒரு வாரம் கட்டி வைப்பது நல்லது.

பூச்சி செத்த பிறகும் அந்த முண்டுகள் பல வாரம் நிற்கும், அரிக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் பெர்மெத்ரின் பூசித் தோலை வறளவைக்காதீர்கள்.

அறிகுறி: வலியில்லை, அரிப்பில்லை, மாறாமல் அப்படியே இருக்கிறது

இவை பருவே அல்ல. கல்லூரிப் பையன்கள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் தேடுவது இதைத்தான்.

மொட்டின் அடிவிளிம்பில் ஒன்று இரண்டு வரிசையாக, ஒரே அளவில், முத்துக் கோத்தாற்போல் இருந்தால் அது பிறவி அமைப்பின் ஒரு பகுதி. விடலைப் பருவத்தில் வெளியே தெரியும், யாருக்கும் ஒட்டாது, மருந்து தேவையில்லை. தண்டின் தோலை இழுத்தால் தெரியும் வெளிர்மஞ்சள் பொட்டுகள் எண்ணெய்ச் சுரப்பிகள். ஃபோர்டைஸ் புள்ளி என்று பெயர். விதைப்பையில் கருஞ்சிவப்பாக மிளகுபோல் இருப்பவை விரிந்த ரத்தக் குழாய்கள், வயதானால் கூடும், கீறினால் ரத்தம் நிற்க நேரமாகும். அங்கேயே வெள்ளையாக, கெட்டியாக உருளுவது கொழுப்பு போன்ற பொருள் அடைந்த சிறு பை. தொந்தரவு செய்தால் மட்டும் எடுக்கலாம். எதையும் அமிலமோ சுண்ணாம்போ வைத்துச் சுடாதீர்கள்.

வரிசையில்லாமல், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, பூக்கோசு போலச் சொரசொரப்பாக வளர்ந்துகொண்டே போனால் கதை வேறு; அது மரு, ஒட்டும். நடுவில் குழி விழுந்து பளபளப்பாக இருப்பதும் ஒட்டும் வகை. இரண்டையும் டாக்டர் பார்க்கவேண்டும்.

அறிகுறி: ஏதோ பூசிய பிறகு முழுக்கச் சிவந்து எரிகிறது

என்ன பூசினீர்கள் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் சொல்வது நீலகிரித் தைலம்! சளிக்கு, தலைவலிக்கு, மூட்டுவலிக்கு, அட்டை கடித்தால், எல்லாவற்றுக்கும் நம் வீட்டில் அதுதான். 1843 வாக்கில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட யூகலிப்டஸ் மரம், இன்றைக்கு மலையின் அடையாளமே ஆகிவிட்டது. ஆனால் விதைப்பையில் ஒரு சொட்டு பட்டால் நெருப்புத்தான். பட்டுவிட்டால் தேங்காயெண்ணெய் தோய்த்த துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம் சோப்பு, சாதாரணத் தண்ணீர். டெட்டால், படிகாரம், பூண்டுச் சாறு, பற்பசை என்று இந்தப் பட்டியல் நீளும். அத்தனையையும் நிறுத்திவிட்டு வெறும் வாசலின் மெல்லிதாகத் தடவி இரண்டு நாள் பாருங்கள். கொப்புளித்துத் தோல் உரிந்தால் ஆஸ்பத்திரி.

எதுவும் பூசாமலே இப்படி ஆனால் சோப்பை மாற்றினீர்களா, சலவைத்தூளை மாற்றினீர்களா என்று யோசியுங்கள். குளிர்ந்த தண்ணீரில் சலவைத்தூள் சரியாகக் கரையாது, அலசலிலும் சரியாகப் போகாது. விரல் மரத்துப்போகிறதே என்று ஒரே அலசலில் பிழிந்து போட்டால் மிச்சம் தோலில்தான் இறங்கும்.

அறிகுறி: கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம், அல்லது வலியே இல்லாத புண்

எரிச்சலோடு கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து உடைந்து புண்ணானால் ஹெர்பிஸாக இருக்கலாம். முதல் மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கினால் நல்ல பலன். ஒரே புண், ஓரம் கெட்டியாக, வலியில்லாமல் இருந்தால் சிபிலிஸைச் சந்தேகிக்கவேண்டும். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது: மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் புண் தானே ஆறிவிடும், நோய் மட்டும் உள்ளே இருக்கும். "ஆறிடுச்சு அண்ணே" என்று சொல்கிறவரைத்தான் நான் அதிகம் வற்புறுத்தி அனுப்புகிறேன். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், பென்சிலின் ஊசியில் குணமாகும். அரசு ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்ப் பிரிவிலும் நம்பிக்கை மையத்திலும் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. உள்ளூரில் தெரிந்த முகம் இருக்குமே என்று தயங்கினால் குன்னூர்க்காரர் ஊட்டிக்குப் போகலாம், ஊட்டிக்காரர் கீழே கோயம்புத்தூருக்குப் போகலாம். மனைவியோ துணையோ இருந்தால் அவரும் பரிசோதித்துக்கொள்ளவேண்டும். அதுவரை உறவு வேண்டாம். யாரிடம் பேசுவது என்றே தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.

அறிகுறி: போகிறது, மறுபடி வருகிறது

வெறும் வயிற்றில் ஒரு சர்க்கரைப் பரிசோதனை. முன்தோல் வெடித்து வெடித்துச் சிவக்கிறவர்களுக்கும் இதுவே முதல் வேலை. என் கடைக்கு வந்த சிலருக்குச் சர்க்கரை இருப்பதே இப்படித்தான் தெரிந்தது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் மாறி மாறிக் கட்டி வந்து, உடைந்து, தழும்பும் துளையுமாகிறது என்றால் அதற்கு ஹைட்ராடெனைட்டிஸ் என்று தனிப்பெயர் உண்டு. அது அசுத்தத்தால் வருவதில்லை. பீடி, சிகரெட்டை விடவேண்டும், தோல் டாக்டரிடம் தொடர்ந்து காட்டவேண்டும்.

சர்க்கரையும் சரி, தோலும் சரி என்றால் மிச்சம் இருப்பது துணி. பருத்தி ஜட்டி ஆறு ஏழு வைத்துக்கொள்ளுங்கள், எலாஸ்டிக் தொடையை வெட்டாத அளவு. மழைக்காலத்தில் அடுப்புக்கு மேல் கொடியில் போட்டால் காயும், ஆனால் புகை நாற்றம் ஏறும். அதைவிட இஸ்திரிப்பெட்டி நல்லது. உட்பக்கத்தைத் திருப்பி, எலாஸ்டிக்கையும் கவட்டித் தையலையும் ஆவி நிற்கும்வரை தேயுங்கள், ஈரம் கடைசியாக ஒளிந்திருப்பது அங்கேதான். அப்புறம் ஐந்து நிமிஷம் ஆறவிட்டுக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கை ஏமாறும், கன்னம் ஏமாறாது. வேலையில் நனைந்தால் மாற்றிக்கொள்ள ஒன்றைச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். லாரி, ஜீப் ஓட்டுகிறவர்கள் ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைச்சாலையின் 36 கொண்டை ஊசி வளைவையும் ஒரே மூச்சில் ஏறிவிட்டு உட்கார்ந்தபடியே இருக்காமல், மேலே வந்ததும் இறங்கி ஐந்து நிமிஷம் நில்லுங்கள். ராத்திரி தெர்மலைக் கழற்றிவிட்டு, லுங்கியோடு, போர்வை ஒன்று கூடுதலாகப் போட்டுப் படுங்கள்.